முன்தோள்காரன்

உக்காருங்க. தரையில வேணாம், கட்டெறும்பு கெடக்கு, அந்த ஓலைக்கட்டு மேல உக்காருங்க. சம்பந்தின்னு கூப்பிடலாமுல்ல? இன்னும் தாம்பூலம் மாத்தலதான். மாத்துனா கூப்பிட்டுத்தானே ஆவணும், அதை இன்னைக்கே கூப்பிட்டா என்னா கொறஞ்சிடப் போவுது.

நீங்க எதுக்கு இந்தத் தோப்பு வரைக்கும் நடந்து வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குத் தாய்மாமன் எங்கன்னு உங்க பக்கத்து ஆளுங்க கேட்டிருப்பாங்க. நியாயந்தான். பொண்ணைக் கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டியாறது நான்தானே. அதுக்கு என் தங்கச்சி அஞ்சலை என்னா சொன்னா? 'கண்டி மலையில அந்த எடத்துல வழி ஒடஞ்சு கெடந்ததை எங்கண்ணன் பாத்துச்சா, பாக்கலையா? வாயைத் தொறந்து நெசத்தைச் சொல்லட்டும். எதுவா இருந்தாலும் சரி. நெசத்தைச் சொன்னா வந்து நிக்கட்டும்.' அதானே? பதினாலு வருஷமா என் மொகம் பாத்து ஒரு வார்த்தை பேசாதவ, இப்ப உங்க வாயால கேக்குறா.

ஒத்தை வார்த்தையில சொல்லிடலாம். சொன்னா உங்களுக்கு என்னா வெளங்கும்? நீங்க உப்பளத்து ஆளு. டோலி தூக்குனவன் வேலை உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லாம இதைச் சொன்னா என்னை நீங்களும் தப்பா நெனச்சுக்கிட்டுப் போவீங்க. ஊரு பூரா நெனச்சாச்சு, நீங்க ஒருத்தராவது முழுசாக் கேட்டுட்டுப் போங்க.

முன்னாடி தூக்குறவன் முன்தோள். பின்னாடி தூக்குறவன் பின்தோள். மூங்கில் தண்டு ரெண்டு பேரு தோள்லயும் கெடக்கும், நடுவுல டோலி தொங்கும். பின்தோளுக்குக் கண்ணுக்கு முன்னாடி என்னா தெரியும்னு நெனைக்கிறீங்க? டோலித் துணி. அவ்வளவுதான். காலடியில கல்லா, முள்ளா, கெணறா, ஒண்ணும் தெரியாது. அதனால முன்தோள்காரன் கூவிக்கிட்டே நடப்பான். 'எடத்துல கல்லு.' பின்தோள் 'ஆச்சு'ம்பான். 'வலத்துல வேரு.' 'ஆச்சு.' வழி வெட்டுப்பட்டுக் கெடந்தா 'தாண்டு.' எவ்வளவு தூரம்னு அவன் கேக்க மாட்டான். தண்டு முன்னாடி இழுபடுற இழுப்புலயே என் எட்டு எத்தனைன்னு அவன் தோளுக்குத் தெரிஞ்சிடும். அதே எட்டு வைப்பான். கண்ணு என்னோடது, காலு ரெண்டு பேரோடதும்.

பதினஞ்சு வருஷம் முன்தோள் நான். தஞ்சாவூர் வரைக்கும் போயிருக்கேன், தரங்கம்பாடி போயிருக்கேன். ஒரு கல்லு, ஒரு வேரு என் கண்ணுக்குத் தப்புனதில்ல. யாரை வேணா கேளுங்க. கண்ணுன்னா சோலையன் கண்ணும்பாங்க.

பக்கிரிதான் எனக்குப் பின்தோள். என் தங்கச்சி புருஷன், உங்க வீட்டுக்கு வரப் போற பொண்ணோட அப்பன். அளவெடுத்தாப்புல என் ஒசரம். அதுக்காவத்தான் அவனுக்குத் தங்கச்சியைக் குடுத்தேன்னு ஊருல கேலி பேசுவாங்க. பொய்யின்னு சொல்ல மாட்டேன். ஒரே ஒசரத்துல பின்தோள் கெடைக்கிறது லேசில்ல. கோவமே வராது அவனுக்கு. நாம திட்டுனாலும் 'ஆச்சு'ம்பான், அப்பறம் சிரிப்பான்.

வெள்ளைக்காரப் பட்டாளம் கண்டி மேல போவுது, டோலிக்கு ஆளு வேணும்னு நாகப்பட்டணத்துல தண்டோரா போட்டாங்க. பக்கிரி வரமாட்டேன்னான். புள்ளை செங்கமலம் அப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருந்திச்சு. மலைக்காத்து, மணியா சோறு, நாலே மாசம், போயிட்டு வந்துடலாம்னு நான்தான் சொன்னேன். அஞ்சலைகிட்டயும் நான்தான் பேசுனேன். இதை வச்சுக்கிட்டு 'நீதானே கூட்டிக்கிட்டுப் போனே'ங்குறா. கூட்டிக்கிட்டுத்தான் போனேன். நான் மட்டும் போயி எவனோ ஒரு குட்டையன் பின்னாடி நின்னா டோலி சாயும். கெட்ட பேரு யாருக்கு?

சரி, கேளுங்க. திருகோணமலையில எறங்கி, காடு, காட்டுக்கு மேல மலை, மலைக்கு மேல மலை. அந்த நாட்டு ராசாவைப் புடிக்கப் போறோம்னாங்க. போனா ராசாவும் இல்ல, ஊருல ஒரு ஈ காக்கா இல்ல. வீடெல்லாம் தொறந்து கெடக்கு. ஒரு வீட்டு அடுப்புல சாம்பல் இன்னும் சுடுது, பக்கிரி கையை வச்சுப் பாத்தான். 'மச்சான், சோறு வச்சவங்க எங்க?'ன்னான். எனக்கு என்னா தெரியும். பட்டாளத்துக்காரனுங்க தொப்பியைத் தூக்கிப் போட்டு ஆடுனானுங்க. செயிச்சாச்சாம். எதிராளியே வராத சண்டையில செயிச்சதா கொண்டாடுனவங்களை நான் அங்கதான் பாத்தேன்.

அப்பறம் மழை புடிச்சுக்கிச்சு. மழையோட காய்ச்சலும் வந்திச்சு. காலையில கட்டளை போட்டவன் சாயங்காலம் வாந்தி எடுப்பான், மறுநாள் குழி. அப்பறம் குழி வெட்டுனவனுக்குக் குழி வெட்ட ஆளில்ல. கீழேருந்து அரிசி வரல, வந்த அரிசியை வழியிலயே மறிச்சுக்கிட்டாங்க. மலையில இருந்தவங்க ஒரு தடவையும் நேரா வந்து நிக்கல. ஒரு பாறைக்குப் பின்னாடிலேந்து ஒரு வெடி, ஒரு பொதருக்குள்ளேந்து ஒரு வெடி. அவ்வளவுதான். மீதியைக் காய்ச்சல் பாத்துக்கிச்சு.

ஒரு டோலிக்கு ஆறு பேருன்னு போனோம். நாலு பேரு தூக்குவோம், ரெண்டு பேரு மாத்து. திரும்புறப்ப ஒரு டோலிக்கு ரெண்டே பேரு, மாத்து கெடையாது. மலை வழியில நாலு பேரு நடக்கவும் எடமில்ல, அது வேற.

நோயாளிங்களை மட்டும் திருகோணமலைக்குத் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போவச் சொல்லி ஒரு கப்பித்தான் கிட்ட ஒப்படைச்சாங்க. அவனுக்கும் காய்ச்சல்தான், குதிரை மேல ஆடிக்கிட்டே வருவான். எங்க டோலியில ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். பேரு தெரியாது. ஆளு மஞ்சளா இருந்தான். நாளுக்கு நாள் கனம் கொறைஞ்சுக்கிட்டே வந்தான், அது எங்க தோளுக்குத் தெரியும். ஏதோ ஒரு பொம்பளை பேரைச் சொல்லிக்கிட்டே கெடப்பான். பக்கிரி பின்னாடிலேந்து அதே பேரைத் திருப்பிச் சொல்லுவான். எதுக்குடா மாப்ளன்னு கேட்டா, 'அவனுக்கு யாரோ பதில் சொல்றாப்புல இருக்கட்டுமே மச்சான்'ம்பான். அப்புடி ஒரு ஆளு.

மொத நாளே கூவல்தான் எமனா வந்திச்சு. காடு அடர்த்தி, மறைஞ்சிருக்குறவனுக்கும் நாம சரியாத் தெரியாது. ஆனா கூவுனா தெரிஞ்சிடும். கூவுறவன் எவன்? முன்தோள். எனக்கு முன்னாடி போன டோலிக்கு முத்துவேலன் முன்தோள். ஓடையில எறங்கி 'தண்ணி, மொழங்கால்'ன்னான். கழுத்துல குண்டு. அப்புடியே தண்ணியில உக்காந்துட்டான். அவன் பின்தோள்காரன் 'ஆச்சு'ன்னு பதில் சொன்னான், பாருங்க. அவனுக்குத் தெரியாதே. அந்த ஒரு நாள்ல மூணு முன்தோள் போச்சு.

சாயங்காலம் கப்பித்தான் எங்களைக் கூப்பிட்டு நிக்க வச்சான். துபாசி அதைத் தமிழ்ல எடுத்துச் சொன்னான். நாளையிலேந்து ஒரு ஆளு கூவக் கூடாது, கூவுனா எதிராளி சுட வேணாம், நானே சுடுவேன். கட்டளை. கேட்டுக்கிட்டீங்களா? அது என் வாயிலேந்து வந்ததில்ல. கப்பித்தான் போட்ட கட்டளை.

'கூவாம எப்புடி மச்சான் நடக்குறது?'ன்னான் பக்கிரி. அப்பறம் அவனே ஒரு வழி சொன்னான். 'கல்லு பள்ளம் வந்தா நீ ஒரு கணம் நில்லு மச்சான். தண்டு நிக்கும், எனக்குத் தெரிஞ்சிடும். நான் காலால தடவிப் பாத்து வைக்கிறேன்.' அப்புடித்தான் ரெண்டு நாள் நடந்தோம். நான் நிப்பேன், அவன் தடவுவான், நடப்போம். அட்டை காலெல்லாம் தொங்கும், குனிஞ்சு எடுக்க முடியாது. வாய் பேசாம ரெண்டு நாள். உள்ள இருந்தவன் மட்டும் அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டிருந்தான். பக்கிரி பதில் சொல்லல, கட்டளைன்னு.

அதுக்கு மறுநாள் மாவலி கங்கைக்கு மேல ஒரு வழி. ஒரு பக்கம் பாறைச் செவுரு, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், கீழ ஆறு. ஒரு ஆளு அகலம். மழையில ஒரு எடத்துல வழி ஒடஞ்சு கீழ போயிருந்திச்சு. முன்னாடி போன டோலிங்க தாண்டிப் போயிட்டாங்க. நான் தாண்டுனேன். பக்கிரி விழுந்துட்டான், டோலியும் போச்சு. கூவக் கூடாதுன்னு கட்டளை, நான் கூவல. இதுதான் நடந்தது. இதுல நான் பண்ண தப்பு எதுன்னு சொல்லுங்க.

திருகோணமலையில கப்பித்தான் எனக்கு ஒரு பித்தளை வில்லை குடுத்தான். கட்டளைப்படி நடந்த ஆளுன்னு அதுல எழுதியிருக்காம். காட்டுறேன் இருங்க. வேணாமா? சரி.

ஊருக்கு வந்து அஞ்சலைகிட்ட நான் ஒண்ணு சொன்னேன். அதை ஒரு குத்தமா இன்னும் வச்சிருக்கா. பக்கிரியைக் கண்டிக்காரங்க புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க, உசுரோடதான் இருக்கான், ஒரு நாள் வருவான்னு சொன்னேன். கைப்புள்ளைக்காரிகிட்ட வேற என்னா சொல்லச் சொல்றீங்க? ஒரு ஆறுதலுக்குத்தானே சொன்னேன். அவ நம்புனா. மூணு வருஷம் பொட்டு வச்சுக்கிட்டு, பூ வச்சுக்கிட்டு, கப்பல் வருதுன்னா கடக்கரைக்கு ஓடுவா. நானும் கூடவே போவேன். தனியா விட முடியுமா? எறங்குற ஆளையெல்லாம் அவ பாப்பா, நான் அவளைப் பாப்பேன்.

அந்த மீரான் வராம இருந்திருந்தா எல்லாம் சரியாப் போயிருக்கும். பட்டாளத்துல லஷ்கர்னு எடுபிடி வேலை பாத்தவன், எங்க டோலிக்குப் பின்னாடி மருந்துப் பெட்டி சொமந்துக்கிட்டு வந்தவன். நாகூர் கந்தூரிக்கு வந்த எடத்துல ஊரை விசாரிச்சுக்கிட்டு நேரா அவ வாசல்ல போயி நின்னுட்டான். 'தங்கச்சி, உன் புருஷன் ஒடஞ்ச வழியில கால் வச்சான். நான் பின்னாடிலேந்து பாத்தேன். டோலி மறைச்சுக்கிச்சு, முன்னாடி என்ன நடந்திச்சுன்னு தெரியல'ன்னு சொல்லிட்டு, அழுதுட்டுப் போயிட்டான். இத்தனை வருஷங் கழிச்சு அவன் வந்து அழுவலன்னு யாரு கேட்டா?

அன்னைக்குத் தாலியைக் கழட்டுனவதான். அதோட என்கிட்ட பேச்சு நின்னு போச்சு. அறுப்புக்கு அறுப்பு ஒரு மூட்டை நெல்லு அவ வாசல்ல கொண்டு போயி வைப்பேன். மறுநாள் பாத்தா தெருமாடு தின்னுக்கிட்டு நிக்கும். செங்கமலம் என்னை வழியில பாத்தா 'மாமா'ன்னு கூப்பிட வாயெடுக்கும், அம்மா நெனப்பு வந்து தலையைக் குனிஞ்சுக்கும். என் கூடப் பொறந்தவ பொண்ணு. எனக்கு வேற யாரு இருக்கா? பொண்டாட்டி புள்ளையா? அந்தப் பொண்ணு கையைப் புடிச்சு நாலு எட்டு நடந்து மணவறையில விடணும். அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அது நடந்துட்டா நாளைக்கே செத்தாலும் சரி.

என்னா கேட்டீங்க?

வெடியா? ஆமா, அந்த எடத்துல சுட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. எதிர் மலையிலேந்து. காதைப் பொளக்குற சத்தம், பாறையில பட்டு சில்லு பறக்குது. நாங்க அங்க இருக்கோம்னு அவனுங்களுக்கு நல்லாத் தெரியும். அதுக்கு என்னா இப்ப?

ம்.

தெரிஞ்சு போன அப்பறம் கூவுனா என்னா, கூவாட்டி என்னான்னு கேக்குறீங்க. உப்பளத்து ஆளுன்னு நெனச்சேன், நல்லாத்தான் கேக்குறீங்க. அஞ்சலை இதைக் கேக்கல, தெரியுமா? இத்தனை வருஷத்துல யாரும் கேக்கல. கட்டளைன்னு சொன்னா எல்லாரும் அதோட விட்டுடுவாங்க.

சரி. பாத்தேன். ஒடஞ்ச எடத்தைப் பத்தடிக்கு முன்னாடியே பாத்தேன். அதைப் பாக்காம இருக்க நான் குருடனா? ரெண்டு எட்டு அகலம். முன்னாடி போனவன் அங்க ஒரு கணம் நின்னான், தோள்ல குண்டு பட்டுச்சு, எப்புடியோ தாண்டிப் போயிட்டான். நின்னா சுடுறானுங்கன்னு புரிஞ்சிடுச்சு எனக்கு. எதிர் மலையில அந்த எடத்துக்குக் குறி வச்சுத்தான் உக்காந்திருக்கானுங்க. நான் நிக்கல. 'தாண்டு'ன்னு ஒரு சொல்லு. சொல்ல எவ்வளவு நேரமாவும்? வாய் வரைக்கும் வந்திச்சு. முத்துவேலன் கழுத்து ஞாபகம் வந்திச்சு. வாயை மூடிக்கிட்டுத் தாண்டுனேன். தண்டு இழுக்குற இழுப்புல அவனுக்குத் தெரிஞ்சிடும்னு நெனச்சேன். நெசமா நெனச்சேனான்னு கேட்டா, இப்ப எனக்கே தெரியல.

அவன் கால் கீழ போன ஒடனே தண்டு பின்னாடி சாஞ்சுது. என் தோளை மேல தூக்கிச்சு. விழுந்துட்டான்னு உங்ககிட்ட சொன்னேனுல்ல? ஒடனே விழல.

தண்டை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுத் தொங்குனான். டோலி எனக்கும் அவனுக்கும் நடுவுல ஆடுது, உள்ள அந்தச் சிப்பாய். எங்க வேலையில இதுக்கு ஒரு வழக்கம் உண்டு. பின்தோள் சறுக்குனா முன்தோள் உக்காரணும். தண்டை விடாம, கக்கத்துல இறுக்கிக்கிட்டு அப்புடியே தரையில உக்காந்துடணும். நம்ம கனம் தண்டு மேல உக்காந்தா அது அசையாது, அதைப் புடிச்சு அவன் ஏறிக்குவான். ரெண்டு தடவை நான் சறுக்குனப்ப பக்கிரி அப்புடி உக்காந்து என்னைத் தூக்கி விட்டிருக்கான். முன்தோளானா என்ன, பின்தோளானா என்ன, ஒருத்தன் சறுக்குனா இன்னொருத்தன் உக்காரணும்.

'மச்சான், உக்காரு'ன்னான். சத்தம் போடல. அப்பவும் கட்டளைக்குப் பயந்து மெதுவாத்தான் சொன்னான். ரெண்டாந்தரமும் சொன்னான். என் காதுக்குப் பக்கத்துல பாறையில ஒரு குண்டு பட்டு மண்ணு கண்ணுல தெறிச்சுது. உக்காந்தா அங்கயே உக்காந்திருக்கணும், அவன் ஏறி வர்ற வரைக்கும். எவ்வளவு நேரமாவும் அவன் ஏறி வர?

தோளைக் கொஞ்சம் தாழ்த்துனேன். அவ்வளவுதான் செஞ்சேன். தண்டு தானா உருவிக்கிட்டுப் போச்சு.

சத்தம் ஒண்ணும் கேக்கல. கீழ ஆத்து எரைச்சல். நான் ஓடுனேன். ஓடுறப்ப தோள் லேசா இருந்திச்சு. பதினஞ்சு வருஷத்துல என் தோள் அம்புட்டு லேசா இருந்ததில்ல. அப்ப அது எனக்கு நல்லா இருந்திச்சு சம்பந்தி. அதைத்தான் என்னால தாங்க முடியல. பயந்தேன்னா மனுசன் பயப்படுவான், அதை யாருகிட்ட வேணா சொல்லலாம். நல்லா இருந்திச்சுங்குறதை எங்க போயிச் சொல்லுறது?

எழுந்துட்டீங்களா. இருங்க, பதிலை வாங்கிக்கிட்டுப் போங்க. அதுக்குத்தானே வந்தீங்க.

உங்கண்ணன் பாத்துச்சாம், பாத்தும் பயத்துல கூவலையாம், அதை இத்தனை வருஷம் கட்டளை மேல போட்டு மறைச்சுச்சாம், அதுக்காவ உன் காலைப் புடிக்கவும் தயாரா இருக்காம்னு சொல்லுங்க. அழுவா. அழுவட்டும். அழுது முடிச்சுட்டு வரச் சொல்லுவா, அவ பொறந்ததுலேந்து அவளைப் பாக்குறேன், சொன்ன வார்த்தை மாற மாட்டா. நெசத்தைச் சொன்னா நிக்கலாம்னுதானே சொன்னா? இது நெசந்தானே? இதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா, நீங்களே சொல்லுங்க.

அப்புடிப் பாக்காதீங்க. பாத்துச்சா பாக்கலையான்னுதான் அவ கேட்டா. அதுக்கு மேல கேக்கல. அவ கேக்காததை நீங்களும் சொல்ல வேணாம்.